தட்டும் விரல்

என் அப்பா விருதுநகர் பஜாரில் ஓர் எண்ணெய்க் கடையில் கணக்கெழுதினார். தகர டின்னில் எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அவர் மூடியைத் திறந்ததே இல்லை. விரலை மடக்கி மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் அமுங்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. பிற்பாடு மதுரைப் பெரியாஸ்பத்திரி வார்டில், ஆசிரியர் ஒருவர் நோயாளியின் முதுகைத் தட்டித் தட்டி இறங்கிவந்து பேனாவால் கோடு போட்டபோது, சுற்றி நின்ற மாணவர்களில் எனக்கு மட்டும் அது புதிதாக இல்லை.

இந்த வித்தையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் ஒரு வியாபாரி வீட்டுப் பிள்ளை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் விடுதி நடத்தியவரின் மகன், லியோபோல்ட் ஆவன்புருக்கர். பீப்பாயைத் தட்டி ஒயின் மட்டம் பார்க்கும் வழக்கத்தை அவர் அப்பாவிடம் கண்டிருப்பார் என்று எங்கள் துறையில் வழிவழியாகச் சொல்வார்கள். வியன்னாவின் ஸ்பானிய மருத்துவமனையில் ஏழாண்டு நோயாளிகளைத் தட்டிப் பார்த்தார். பிணங்களின் நெஞ்சுக்குள் நீரேற்றி, மட்டம் ஏற ஏறச் சத்தம் எப்படி மாறுகிறது என்று கேட்டார். 1761-ல் லத்தீனில் ஒரு சிறு புத்தகம் போட்டார். பெரிதாக யாரும் மதிக்கவில்லை. நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் 1808-ல் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருடமே ஆவன்புருக்கர் காலமானார். அவர் இசையமைப்பாளர் சாலியரியின் ஓர் ஓபராவுக்கு வசனம் எழுதியவர். 1816-ல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லேனெக் புல்லாங்குழல் வாசிப்பவர். காது பழகிய மனிதர்கள் இருவரும்.

செய்முறை பார்க்க எளிது. இடது கை நடுவிரலை விலா எலும்புகளுக்கு இடையில் அழுத்திப் பதிக்கவேண்டும். மற்ற விரல்கள் உடம்பில் படக்கூடாது. வலது நடுவிரலின் நுனியால் அதன்மேல் செங்குத்தாக ஒரு தட்டு. அசைவு மணிக்கட்டிலிருந்து வரவேண்டும், முழங்கையிலிருந்து அல்ல. பட்டவுடன் விரல் மீளவேண்டும். தங்கினால் நாதம் செத்துவிடும். மிருதங்கக்காரர்களின் விரல் தோலைவிட்டு மீளும் வேகத்தைக் கவனித்தால் இது புரியும். நகம் ஒட்ட வெட்டியிருக்கவேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

காற்று நிறைந்த நுரையீரல் ஆழமாக, இதமாக முழங்கும். கல்லீரல் மேல் மந்தம். இரைப்பைக்கு மேலே பறை மாதிரி அதிரும். நெஞ்சில் நீர் கோத்திருந்தால் மந்தத்துக்கும் கீழே ஒரு சத்தம். கல்லைத் தட்டியதுபோல என்று பாடப் புத்தகம் சொல்லும். தேர்ந்தவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள், என் அனுபவமும் அதுதான்: காதுக்கு முன்னால் இடது விரலுக்குத் தெரிந்துவிடும். அடியில் இருப்பது விட்டுக்கொடுக்கிறதா, எதிர்த்து நிற்கிறதா என்று.

நான் வைத்தியம் பார்க்கும் நாரணாபுரத்தில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். சுற்றிலும் பட்டாசு ஆலைகள். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக்கூடாது, இரும்புச் சாமான் உள்ளே போகக்கூடாது. மருந்து செலுத்துகிறவர்கள் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் கையால் அறிகிறார்கள். அதிகம் இடித்தால் ஆபத்து, குறைந்தால் சரக்கு நிற்காது. என்னிடம் வரும் விரல்களின் இடுக்கில் சிலசமயம் அலுமினியப் பவுடர் இன்னும் மினுங்கும். அந்த விரல்களின் நுட்பத்தை அறிந்தவன் என்பதால் என் விரலைச் சோம்பவிட எனக்கு மனம் வருவதில்லை.

சரவெடி பின்னும் ஒரு பெண் வந்தார், நாற்பது வயதுக்குள். கையில் தடித்த ஃபைல். ரத்தம், சிறுநீர், இசிஜி, தைராய்டு எல்லாம் வேறோரிடத்தில் எடுத்தாகிவிட்டது. “மாடிப்படி ஏறுனா எளைக்குது சார். வலப்பக்கமா ஒருச்சாய்ச்சுப் படுத்தாத்தான் தூக்கம் வருது.” கடைசி வாக்கியமே பாதி நோயைச் சொல்லிவிட்டது. நீர் கோத்தவர்கள் பெரும்பாலும் நீர் உள்ள பக்கமாகத்தான் படுப்பார்கள், நல்ல நுரையீரல் மேலே தடையில்லாமல் விரிய. முதுகுப் பக்கம் யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது. அதை அவரிடம் காட்டவில்லை.

விசிறியை அணைத்தேன். இடம், வலம், இடம், வலம் என்று ஒரே மட்டத்தில் ஒப்பிட்டுக்கொண்டே இறங்கினேன். தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வரை இரண்டும் ஒன்றுபோல் முழங்கின. அதற்குக் கீழே இடப்பக்கம் தொடர்ந்து பேசியது. வலப்பக்கம் வாயை மூடிக்கொண்டது. விரலுக்கடியில் கல். அந்த எல்லையைப் பிடித்துப் பக்கவாட்டில் போனேன். கோடு நேராகப் போகாமல் அக்குளை நோக்கி வளைந்து ஏறியது. நீர் நிற்கும் விதம் அது. நான்கு நிமிடம் ஆகியிருக்கும். பேனாவால் கோடு போட்டு எக்ஸ்ரேவுக்கு அனுப்பினேன். படத்தில் வெண்மை தொடங்கிய இடம் என் கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே.

ஸ்கேனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சுமார் 300 மில்லிக்குக் குறைந்த நீரை விரல் கண்டுபிடிக்காது, அல்ட்ராசவுண்ட் கண்டுவிடும். தோலிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டருக்கு அப்பால் விரலுக்கு இருட்டு. ஆனால் எதைப் படமெடுப்பது என்று யாராவது தீர்மானிக்கவேண்டுமே. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆபிரகாம் வர்கீஸ் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இந்தப் படுக்கையோரப் பரிசோதனைகளில் இருபத்தைந்தைத் தேர்ந்தெடுத்துக் கற்பிக்கும் திட்டம் ஒன்றை நடத்தினார். உலகிலேயே அதிகக் கருவிகள் உள்ள இடங்களில் ஒன்றில், கையால் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். நம்மூர் வார்டுகளில் கே.வி. திருவேங்கடம் போன்ற ஆசிரியர்கள் ஒரு தலைமுறைக்கே இதைப் புகட்டியிருக்கிறார்கள். 2022-ல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே படிக்கும் பிள்ளைகள் சிலர் விடுமுறையில் என் அறையில் வந்து நிற்பார்கள். முதலில் அவர்களை மேஜையைத் தட்டச் சொல்வேன், சட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க. பிறகு அவரவர் நெஞ்சை. தன் கல்லீரலின் மேல்விளிம்பை முதன்முறை தானே கண்டுபிடிக்கும் முகத்தைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை.

அந்தப் பெண்ணுக்குக் காசநோய் என்று தெரிந்தது. நீரை எடுத்தார்கள். அரசு தரும் மாத்திரையை ஆறு மாதம் தவறாமல் போட்டார். முடித்த வாரம் வந்து, நான் சொல்லாமலே முதுகைத் திருப்பி உட்கார்ந்து, விசிறி சுவிட்சை அவரே அணைத்தார். இடம், வலம், இடம், வலம். இரண்டும் கடைசிவரை முழங்கிக்கொண்டே வந்தன. ஆக அடியில், வலப்பக்கம், ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் மந்தம் மிச்சமிருந்தது; நுரையீரலின் உறை அங்கே தடித்துப்போயிருக்கும்.