முதலில் தொட்டவர் பிழைப்பாரா?

டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த பவானி தேவி சேபர் வாளோடு களமிறங்கிய பிறகு, பிள்ளையை வாள்வீச்சு வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது: தற்காப்புக்கு உதவுமா? பாதிதான் உதவும். எந்தப் பாதி என்பதை ஆட்டத்தின் விதிகளே காட்டிக்கொடுக்கின்றன.

ஃபாயில், எப்பே, சேபர் ஆகிய மூன்றில் பழைய துவந்த யுத்தத்துக்கு நெருக்கமானது எப்பே. உச்சி முதல் பாதம் வரை எங்கே குத்தினாலும் புள்ளி. நுனியில் 750 கிராம் அழுத்தம் விழுந்தால் விளக்கு எரியும். ஒருவர் குத்தி, ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு கடந்துவிட்டால், எதிராளியின் குத்தைக் கருவி பதிவே செய்யாது. கூர்வாளுக்கு அந்தக் கணக்கு கிடையாது. நெஞ்சில் குத்துப்பட்டவனும் கீழே விழுமுன் திருப்பிக் குத்தலாம்.

இருவரும் ஒரே நேரத்தில் குத்தினால் இருவருக்கும் புள்ளி தரும் இரட்டைக் குத்து அதைவிட மோசம். 14–10 என்று முன்னிலையில் இருப்பவர் அதை வலிய வாங்கிக்கொள்வார். 15–11 என்று வெற்றி அவருக்கு. நிஜ வாளாக இருந்தால் இருவரும் தரையில் கிடப்பார்கள். ஆங்கிலேயரான ஜார்ஜ் சில்வர் 1599இலேயே இத்தாலிய ரேபியர் முறையின்மேல் இந்தக் குற்றச்சாட்டை வைத்தார்: மோதும் இருவரையுமே சாகவிடும் வித்தை அது என்று. ஃபாயிலில் வேறொரு கோளாறு. வளையும் வாளைச் சாட்டைபோலச் சுண்டி, எதிராளியின் முதுகில் நுனியால் தட்டிப் புள்ளி எடுத்தார்கள். 2005 வாக்கில் கருவியின் நேர அளவுகளை மாற்றித்தான் அதைக் கட்டுப்படுத்த முடிந்தது.

ஆனாலும் இதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பதக்கங்கள் வென்ற இத்தாலியர் ஆல்டோ நாடி, 1924இல் பத்திரிகையாளர் அடோல்ஃபோ கோட்ரோனேயுடன் கூர்வாளேந்தி மோதினார். முதலில் இரத்தம் வந்தது நாடியின் கையிலிருந்துதான். அவ்வளவு பெரிய வீரருக்கே முகமூடி இல்லாத முதல் சில நொடிகள் புதிதாக இருந்திருக்கின்றன. பிறகு பலமுறை காயப்பட்டவர் கோட்ரோனே. இடைவெளியை அளக்கும் காலும் தருணம் பார்க்கும் கண்ணும் நாடியைக் கைவிடவில்லை. அந்த இரண்டையும், விட்டுக்கொடுக்காத எதிராளியோடு முழு வேகத்தில் மோதித்தான் கற்க முடியும். கூட்டாளி ஒரே ஒரு குத்து குத்திவிட்டுக் கையை நீட்டியபடி காத்து நிற்கும் கத்திப் பயிற்சிகள் பலவற்றைவிட வாள்வீச்சு நேர்மையானது. அப்படி அஞ்சாமல் மோதும் பாதுகாப்பும் சும்மா கிடைத்ததல்ல. 1982இல் ரோமில் உடைந்த ஃபாயில் முகமூடியைத் துளைத்துச் சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ் இறந்த பிறகுதான் முகமூடியும் வாளின் எஃகும் மேம்பட்டன.

ஆனால் தெருவில் கத்தியோடு வருபவன் 14 மீட்டர் களத்தில் எதிரே நின்று வணங்கிவிட்டுத் தொடங்குவதில்லை. கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகே கத்தியை எடுப்பான். ஒரு கையால் சட்டையைப் பிடித்து மறுகையால் திரும்பத் திரும்பக் குத்துவான். அங்கே உயிர் காப்பது அந்தக் கத்திக் கையைத் தடுக்கும் வெறுங்கை. வாள்வீச்சிலோ வெறுங்கையால் தடுப்பது குற்றம். ஓடித் தப்புவதுதான் தற்காப்பின் முதல் பாடம். இங்கேயோ பின்வாங்கி இரண்டு காலும் களத்தின் பின்கோட்டைத் தாண்டினால் எதிராளிக்கு ஒரு புள்ளி. எந்தப் பாதி உதவும், எந்தப் பாதி உதவாது என்பதைப் பயிற்சியாளர்கள் சேர்க்கையின்போதே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். விளம்பரப் பலகையில் ‘தற்காப்பு’ என்று எழுதக் கூடாது.