ஓதக் கேட்க வேண்டிய உரைநடை

ஸ்ரீ கெம்பாங்கான் மாணவர்க்கு உரைநடை வரலாறு கற்பிக்கையில் நான் வீரமாமுனிவரோடு நிறுத்திவிடுவது வழக்கம். அது பிழை. 1705இல் கோவாவிலிருந்து இலங்கை சென்ற யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' விடுபடுகின்றது. தவக்காலத்தில் ஈழத்துக் கத்தோலிக்கர் இயேசுவின் பாடுகளை நினைந்து இராகமிட்டு ஓதிவந்த நூல் அது. வடசொல் மிகுதி என்பர், குறைதான். ஆயினும் செவிக்கென எழுந்ததைக் கண்ணால் மட்டும் படித்துத் தீர்ப்பளிப்பது முறையன்று. ஓதும்போது அதன் நீண்ட வாக்கியங்கள் புலம்பலின் மூச்சுக்கு இசைகின்றன. தோட்டப்புறத் துக்க வீடுகளில் ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு அவ்வோசை அயலன்று. திருப்பலி இலத்தீனில் நடந்த அந்நாளில், மக்கள் அழுவதற்குத் தமிழ் தந்தது இந்நூல். பலிபீடத்திற்குத் தமிழ் வந்ததோ 1962–65 வத்திக்கான் சங்கத்தின் பின்னரே. வரும் தவணையில் ஒரு பகுதியையேனும் வகுப்பில் வாய்விட்டு ஓதிக்காட்ட எண்ணியுள்ளேன்.