கல்லில் வளைந்த எழுத்து

விடியுமுன் வேன் பிடித்து, மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிக்குப் போய் இறங்கினோம். பன்னிரண்டு பேர், இரண்டு தூக்குவாளிப் புளியோதரை. அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். எல்லாரும் படமெடுக்கிற இடம் அது. எனக்கு அதற்கு மேலே இருக்கும் பாறைதான் பிடிக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சமணர் மலை ஏற வேண்டும். பாறையிலேயே வெட்டிய படிகள்; காலை ஏழு மணிக்குப் பானைத் தண்ணீர் போல உள்ளங்காலில் குளிரும். நடுவில் மழுமழுப்பு, ஓரங்களில் மட்டும் சொரசொரப்பு.

படிகள் ஏறினால் பேச்சிப்பள்ளம்; அங்கே எட்டுச் சமணச் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. பார்சுவநாதருக்குக் குடை பிடிக்கும் பாம்பையும், பாகுபலியின் காலைச் சுற்றிய கொடியையும் பார்த்துவிட்டு மற்றவர்கள் சுனைப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். நான் சிற்பங்களுக்குக் கீழே, பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் வெட்டிய கல்வெட்டை விட்டு நகரவில்லை. ஓலையில் எழுத்தாணி வளைவது பெரிதில்லை. கருங்கல்லில் நேர்கோடு இழுக்கவே மணிக்கட்டு விட்டுப்போகும். இதைச் செதுக்கியவனோ ஒவ்வொரு எழுத்தையும் உருட்டியிருக்கிறான். சாய்வெயில் விழும்போது பாருங்கள், வளைவு ஒரே இழுப்பு இல்லை, பொட்டுப் பொட்டாய் உளி கொத்திய தடங்கள். அவசரப்பட்ட தடம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. (பக்கத்தில் யாரோ ஆணியால் கீறிய இதயமும் அம்பும் இருக்கின்றன. அவசரம் என்றால் அதுதான்.) விரல் வைக்க ஆசை, வைக்கவில்லை. கீழே ஆலமரத்தடியிலிருந்து, புளியோதரை தீரப்போகிறது என்று கூப்பிட்டார்கள்.