தன்னம்பிக்கைப் பேச்சும் டொமினிக் ஜீவாவின் தன்வரலாறும் - ஒரு நோக்கு

1

இடர் கடந்தோர் தம் வரலாற்றைத் தாமே எடுத்துரைத்துக் கேட்போருக்கு ஊக்கமளிப்பது இன்று ஒரு தனிக் கலையாகவும் சிலருக்குத் தொழிலாகவும் வளர்ந்துள்ளது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ள மண்டபங்களில் ஒரு காலத்திற் சமயச் சொற்பொழிவும் பட்டிமன்றமும் பெற்றிருந்த இடத்தில் ஒரு பகுதியைத் 'தன்னம்பிக்கைக் கருத்தரங்கு' பெற்றுவிட்டது. இலக்கிய மாணவராகிய நாம் இதனைப் பொருட்படுத்துவதில்லை. மேடையிற் பேசி மறையும் ஒன்றுக்குத் திறனாய்வு எதற்கு என்பது நமது எண்ணம். ஆயின், சிறுகதையையும் நாவலையும் அறியாத பலர் கேட்டு, நம்பி, அதன்படி தம்மை அளந்துகொள்ளும் கதைவடிவம் இதுவே. அவ்வாறாயின் அதன் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் ஆராய்தல் திறனாய்வின் கடமைக்குப் புறம்பானதன்று.

இக்கட்டுரைக்கு வித்திட்டது ஓர் அனுபவம். கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் ஒன்றுவிட்ட தம்பியுடன் அத்தகைய கருத்தரங்கு ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பேச்சாளரின் பெயர் இங்கு வேண்டப்படுவதன்று. விபத்தொன்றிலே காலை இழந்து, தொழிலை இழந்து, மீண்டெழுந்தவர் அவர். அவர் பட்ட துன்பம் மெய்யானது. அதனை ஐயுறுவது பண்பன்று. எனினும் அவர் பேச்சின் அமைப்பு என் கவனத்தை ஈர்த்தது. முதலில் வீழ்ச்சி, அடுத்து ஒரு நீண்ட இரவு, அவ்விரவிலே திடீரெனத் தோன்றும் விழிப்பு, பின்னர் ஏற்றம், ஈற்றிலே, கேட்போர் எல்லோரும் இரு கைகளையும் உயர்த்தி 'என்னால் முடியும்' என்று முழங்குதல். மருத்துவர், தாதியர், மனைவி, கடன் கொடுத்த நண்பர் ஆகியோர் ஓரிரு வாக்கியங்களில் வந்து மறைந்தனர். அவ்விரவும் அந்த விழிப்பும் மட்டும் அரைமணி நேரம் நீடித்தன.

என் தம்பி உயர்தரப் பரீட்சைக்கு இருமுறை தோற்றியவன். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே அவன் தந்தையின் சிறுகடை மூடப்பட்டது. அன்றுமுதல் அவன் பகலிலே செட்டியார் தெருவில் நகைக்கடை ஒன்றிற் பணிபுரிந்து இரவிலே படித்தவன். மண்டபத்தில் அவனும் கைகளை உயர்த்தினான். காலி வீதியிலே பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது, "அக்கா, அப்ப பிழை முழுக்க என்னிலதான் போல" என்றான்.

அவனை ஊக்குவிப்பதற்கெனக் கூறப்பட்ட கதை அவனைக் குற்றவாளியாக்கியது எங்ஙனம்? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

2

தன்னம்பிக்கை இலக்கியம் திடீரென முளைத்ததன்று. இங்கிலாந்திலே சாமுவேல் சிமைல்ஸ் 'தன்னுதவி' எனப் பொருள்படும் தம் நூலை 1859 இல் வெளியிட்டார். கைத்தொழில் முதலாளித்துவம் வேரூன்றிய காலத்தில், உழைப்பாலும் விடாமுயற்சியாலும் எவரும் உயரலாம் என்னும் கொள்கைக்கு அது வாய்ப்பாடாயிற்று. தமிழுக்கு இப்போக்கைக் கொணர்ந்தோருள் முதன்மையானவர் வ. உ. சிதம்பரம்பிள்ளை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஜேம்ஸ் அலன் 1903 இல் எழுதிய சிறுநூலை 'மனம்போல வாழ்வு' என்ற பெயரில் அவர் மொழிபெயர்த்தார். அது 1909 இல் வெளிவந்தபோது அவர் சிறையில் இருந்தார்.

இங்கு ஒரு முரண்பாடு மனங்கொளத்தக்கது. மனம் எவ்வாறோ வாழ்வும் அவ்வாறே என்பது அந்நூலின் சாரம். ஆனால் அதனைத் தமிழாக்கியவர் செக்கிழுத்தது அவரது மனத்தின் குறையாலன்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் ஓட்டியமையையும் தொழிலாளரை ஒன்றுதிரட்டியமையையும் பிரித்தானிய ஆட்சி பொறுக்கவில்லை என்பதே காரணம். சிறைக்குள்ளே தளராதிருக்க அந்நூல் அவருக்குத் துணையாயிருந்திருக்கலாம். ஆயின் சிறை ஏன் உள்ளது என்பதற்கு அந்நூலில் விடை இல்லை. வ. உ. சி.யின் வாழ்க்கையிலே அவ்விடை இருந்தது. தாங்கும் வலிமையை அளிக்கும் நூல் வேறு, தாங்கவேண்டி வந்தமைக்குக் காரணம் காட்டும் நூல் வேறு. முன்னதைப் பின்னதாகக் கொள்ளும்போதே கேடு விளைகிறது.

மேடைப்பேச்சின் வரலாற்றில் இதற்கு இணையான சான்று ஹெலன் கெல்லரின் வாழ்க்கையாகும். 1880 இற் பிறந்த அவர், பத்தொன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போது கண்பார்வையையும் செவிப்புலனையும் இழந்தார். 1903 இல் தம் வாழ்க்கைக் கதையை வெளியிட்டு, 1904 இற் பட்டம் பெற்றார். உலகம் அவரை அதிசயமெனக் கொண்டாடியது. 1909 இல் அவர் அமெரிக்க சோசலிசக் கட்சியிற் சேர்ந்தார். பார்வையிழப்பு எங்கெங்கு மிகுதியாக உள்ளது என ஆராயப் புகுந்த அவர், வறுமைக்கும் ஆலைகளின் பாதுகாப்பற்ற நிலைக்கும் அதனோடு தொடர்பிருப்பதை எடுத்துரைத்தார். முன்னர் அவரை வாயாரப் புகழ்ந்த பத்திரிகை ஆசிரியர் ஒருவர், அவரது அரசியற் பிழைகளுக்கு அவரது உடற்குறைகளே காரணம் என எழுதினார். 1912 இல் தாம் எழுதிய கட்டுரையொன்றிலே ஹெலன் கெல்லர் இதனைச் சுட்டி அவ்வாசிரியரைக் கடுமையாகச் சாடினார். தண்ணீர்க் குழாயடியிலே முதற்சொல்லைக் கற்ற சிறுமியை நமது பாடப்புத்தகங்களும் அறியும். ஆலை முதலாளிகளைக் கேள்விகேட்ட பெண்ணை அவை அறியா.

வென்றவர் 'நான் வென்றேன்' என்று கூறும்வரை மேடை அவருடையது. 'நான் ஏன் போரிட வேண்டியிருந்தது' என்று அவர் கேட்கத் தொடங்கியதும் அவரது குறைபாடே அவருக்கெதிரான வாதமாகிவிடுகிறது.

3

இனி நமது சூழலுக்கு வருவோம். ஈழத்திலே இடர் கடந்து எழுந்தோருள், அவ்வரலாற்றைத் தாமே எழுதியவர் என்ற வகையிலும், மேடைதோறும் பேசியவர் என்ற வகையிலும் டொமினிக் ஜீவா விதந்து கூறத்தக்கவர். 1927 இல் யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தார். வகுப்பறையிலே சாதித்தொழிலைச் சுட்டி இழிவுபடுத்தப்பட்டமையால் இளவயதிலேயே பள்ளியை விட்டு வெளியேறினார். தந்தையின் தொழிலைத் தாமும் செய்தார். 1960 இல் வெளிவந்த 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966 ஆகஸ்ட் மாதம் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கினார். போர்ச்சூழல் அவரை யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்த்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதி முதல் மல்லிகை கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்தது. நானூறு இதழ்களை அது எட்டியது. ஜீவா 2021 ஜனவரியிற் காலமானார்.

இவ்வரலாற்றைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் கையிற் கொடுத்தால் அவர் என்ன செய்வார் என ஊகித்தல் அரிதன்று. வகுப்பறை அவமானம் வீழ்ச்சியாகும், சலூன் நீண்ட இரவாகும், பரிசு விடியலாகும். நூற்றாண்டுப் பழைமையான அச்சிலே ஜீவாவும் வார்க்கப்படுவார். ஆயின் 1999 இல் வெளிவந்த அவரது தன்வரலாறு அவ்வச்சுக்குள் அடங்க மறுக்கிறது.

அந்நூலின் தலைப்பையே முதலில் நோக்குவோம்: 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்'. இரு எதிர்மறைகள் அதில் உள்ளன. எழுதப்படவில்லை, வரையப்படவில்லை என்று தொடங்கும் ஒருவர், தம் வாழ்வை முடிந்த வெற்றியாகக் கருதவில்லை என்பது வெளிப்படை. தன்னம்பிக்கைப் பேச்சிலோ சித்திரம் வரைந்து, சட்டமிட்டு, சுவரில் மாட்டப்பட்டிருக்கும்.

இரண்டாவதாக, சலூன் அவருக்கு இருளன்று. அதனையே தமது பல்கலைக்கழகம் என அவர் மேடைகளில் மீண்டும் மீண்டும் கூறிவந்தார். தொழிலைச் செய்துகொண்டே அவர் வாசித்தார், எழுதினார், சஞ்சிகையையும் தொடங்கினார். கடந்துவந்த கீழ்நிலையாக அத்தொழிலை அவர் காட்டியிருந்தால், இன்றும் கத்தரிக்கோல் பிடிப்போர் அனைவரும் கடக்கத் தவறியோர் ஆகிவிடுவர். அத்துரோகத்தை அவர் செய்யவில்லை. இழிவு தொழிலில் இல்லை, இழித்துரைத்தோரிடமே உள்ளது என்பது அவரது நிலைப்பாடு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வழங்க முன்வந்த கௌரவ முதுமாணிப் பட்டத்தை அவர் ஏற்க மறுத்தமையையும் இப்பகைப்புலத்தில் வைத்தே நோக்குதல் வேண்டும். ஏற்றத்தின் சான்றிதழை அவர் பிறரிடம் எதிர்பார்த்து நிற்கவில்லை.

மூன்றாவதும் முதன்மையானதுமான வேறுபாடு, அவர் தனியே எழவில்லை என்பதாகும். 'ஜீவா' என்னும் பெயரே தமிழகப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின்பால் அவர் கொண்ட பற்றினாற் சூடப்பட்டது. 1954 இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம், கே. டானியல் போன்ற தோழர்கள், சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் போராட்டங்கள், 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், அறுபதுகளின் பிற்பகுதியிலே தேநீர்க்கடைகளையும் மாவிட்டபுரம் உட்பட ஆலயங்களையும் திறக்கக்கோரி எழுந்த மக்கள் இயக்கம் ஆகியன யாவும் அக்காலத்தின் காற்று. அக்காற்றில்லாமல் அவரது சிறகு மட்டும் பறந்திருக்காது. அவரும் அதனை மறைத்தாரல்லர்.

மல்லிகையே இதற்குச் சான்று. அதன் அட்டைகளிலே எழுத்தாளரும் கலைஞருமாகப் பிறர் முகங்கள் இதழ்தோறும் இடம்பெற்றன. அவர்களைப் பற்றிய அறிமுகங்கள் பின்னர் 'அட்டைப்பட ஓவியங்கள்' எனத் தனிநூலாகவும் தொகுக்கப்பட்டன. மலையக, முஸ்லிம் எழுத்தாளரின் படைப்புகளும் சிங்களச் சிறுகதைகளின் மொழிபெயர்ப்புகளும் அங்கே இடம்பெற்றன. தன் முகத்தை மட்டும் காட்டுவது தன்னம்பிக்கை மேடை. தான் ஏறிய மேடையிலே பிறர் முகங்களை வைத்தது மல்லிகை. 'பிறருக்கு ஊக்கமளித்தல்' என்னும் தொடருக்குப் பொருள் தேடுவோர், கைதட்டலை எண்ணுவதைவிட அவ்வட்டைகளை எண்ணிப்பார்த்தல் தகும்.

4

இவ்வாறு கூறுவதால் ஜீவாவின் நூல் குறையற்றது என்பது கருத்தன்று. 'நான்' என்னும் ஒலி மிகும் இடங்கள் அதில் உள்ளன. சொன்ன செய்தியைச் சொல்லி நிறுத்தாது, அதன் பெருமையையும் தாமே எடுத்துக்காட்டும் போக்கு வாசகரைச் சிறிது விலக்கவே செய்கிறது. இயக்கத்தின் வரலாறு, ஆசிரியரின் நினைவுகளுக்குள் ஒடுங்கிவிடும் பகுதிகளும் உண்டு. நீண்டகாலம் பேச உரிமை மறுக்கப்பட்ட ஒருவர் பேசத் தொடங்கும்போது குரல் சற்று உயர்வது இயல்பே என்று சமாதானம் கூறலாம். எனினும் இயல்பு என்பது வேறு, கலை என்பது வேறு. அவரது சிறந்த சிறுகதைகளிற் காணப்படும் சொற்சிக்கனம் தன்வரலாற்றில் எல்லாவிடத்தும் இல்லை.

மறுபுறத்தில், தன்னம்பிக்கைப் பேச்சை முற்றாகப் புறக்கணிப்பதும் நியாயமாகாது. போரிலே பிள்ளையை இழந்த தாய்க்கும், வேலை இழந்து அறைக்குள் முடங்கிய இளைஞனுக்கும் சமூகப் பகுப்பாய்வு உடனடி மருந்தாகாது. 'நானும் விழுந்தேன், எழுந்தேன், நீயும் எழலாம்' என்று ஒரு மனிதர் நேரில் நின்று கூறும்போது கிடைக்கும் தெம்பை நூலகத்திலிருந்து அளிக்க முடியாது. நமது முற்போக்குத் திறனாய்வு இதனை எளிதில் மறந்துவிடுகிறது. சமூகம் மாறும்வரை தனிமனிதன் காத்திருக்க இயலாது. அவனுக்கு இன்றைய இரவைக் கடந்தாக வேண்டும்.

எனவே வினா, ஊக்கம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எத்தகைய ஊக்கம் என்பதே வினா. இதற்கு இரு அளவுகோல்களை முன்வைக்கலாம். முதலாவது, பேச்சாளரின் கதையிலே அவருக்குக் கைகொடுத்தோர் எவ்வளவு இடம்பெறுகின்றனர் என்பது. இரண்டாவது, அவரைப்போல் முயன்றும் எழாதவர் அக்கதையைக் கேட்டால் தலைநிமிர்வாரா, தலைகுனிவாரா என்பது. முதலாவது பேச்சின் நேர்மையை அளக்கும். இரண்டாவது அதன் அறத்தை அளக்கும். நான் கேட்ட பேச்சிலே மனைவியும் தாதியும் ஓரிரு வாக்கியங்களிலே மறைந்தமை தற்செயலன்று. உதவியோர் பெருகினால் வீரம் சுருங்கும் என்று அவ்வுருவம் கருதுகிறது. அவ்வாறு உதவியோரை நீக்கியதும் எஞ்சுவது மனவுறுதி ஒன்றே. எழுந்தவன் மனவுறுதியால் எழுந்தான் எனின், எழாதவன் அஃதில்லாமையாற் கிடக்கிறான் என்பது தானே பெறப்படும். காலி வீதியிலே என் தம்பி எட்டிய முடிவு அவனது பேதைமையன்று. கேட்ட கதையிலிருந்து அவன் பிழையின்றிப் பெற்ற அனுமானமே அது.

5

சில வாரங்களின் பின்னர் ஜீவாவின் தன்வரலாற்றை அவனுக்குக் கொடுத்தேன். கடை மூடிய பின் இரவுகளிலே சிறிது சிறிதாக வாசித்தான். அவன் தினமும் நடந்து செல்லும் தெருக்களுக்கு அண்மையிலிருந்துதான் அந்தச் சஞ்சிகை வெளிவந்தது என்பது அவனுக்கு வியப்பாயிருந்தது. கைகளை உயர்த்தி அவன் எதனையும் முழங்கவில்லை. நூலைத் திருப்பித் தந்தபோது, "அவருக்குச் சங்கம் இருந்தது, தோழர்மார் இருந்தவை. எங்களுக்கு ஆர் அக்கா இருக்கினம்?" என்றுமட்டும் கேட்டான்.

முன்னைய வாக்கியத்தையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். முன்னது தன்னைச் சுட்டி முடிந்துபோன தீர்ப்பு. பின்னது பிறரை நோக்கி எழுந்த வினா. ஒரு கதை மனிதனுக்கு ஊக்கமளித்ததா என்பதற்கு இதனினும் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

அவ்வினா எனக்கு மட்டும் உரியதன்று. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பகலிலே வேலை செய்து இரவிலே படிக்கும் பிள்ளைகள் பலர் உளர். இப்பல்கலைக்கழகத்துத் தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் விழா எடுக்கிறது, மலர் வெளியிடுகிறது, பேச்சாளரையும் அழைக்கிறது. வாரத்தில் ஒரு மாலை அப்பிள்ளைகளோடு அமர்ந்து பாடஞ் சொல்லிக்கொடுக்க நம்மில் எத்தனைபேர் முன்வருவோம்? அவனுக்கு நான் இன்னும் விடை கூறவில்லை. இம்மலரை வாசிப்போருடன் சேர்ந்தே அதனைக் கூறவேண்டியிருக்கிறது.