ராஜா ராணி 2: சீருடைக்குக் காத்திருந்த பார்வையாளர்கள்

ராஜா ராணி 2 விஜய் தொலைக்காட்சியில் 2020 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை ஒளிபரப்பான தமிழ்த் தொடர். இயக்கியவர் பிரவீன் பென்னட். ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியில் 2011 முதல் 2016 வரை ஓடிய ‘தியா அவுர் பாத்தி ஹம்’ என்ற இந்தித் தொடரின் தமிழ் வடிவம் இது. இதற்கு முன்பு வந்த ‘ராஜா ராணி’ தொடரின் கதையுடன் இதற்குத் தொடர்பு இல்லை.

ஐ.பி.எஸ். அதிகாரியாக வேண்டும் என்ற கனவுடன் வளர்ந்த சந்தியா, பெற்றோரை இழந்தபின், இனிப்புக்கடை நடத்தும் சரவணனுக்கு மணம் முடிக்கப்படுகிறாள். சரவணன் அதிகம் படிக்காதவன். நல்ல மனம் கொண்டவன். வீட்டின் அதிகாரம் மாமியார் சிவகாமியின் கையில் இருக்கிறது. படித்த மருமகள் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவளுடைய உறுதியான எண்ணம். இந்த வீட்டிலிருந்து ஒரு பெண் காவல் சீருடை வரை எப்படிப் போய்ச் சேருகிறாள் என்பதே கதை.

காவல்துறைத் தொடர் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு முதல் ஓராண்டில் கிடைத்தது சமையலறைதான். இதைக் குறையாகச் சொன்னவர்கள் பலர். ஆனால் நிதானமாகப் பார்த்தால் இந்தத் தொடரின் நல்ல பகுதி அதுவே என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மருமகள் புத்தகத்தை எங்கே வைத்துப் படிப்பது, எந்த வேலையை முடித்தபின் படிப்பது, யாரிடம் சொல்லிவிட்டுத் தேர்வுக்குப் போவது என்பவை சிறிய கேள்விகள் அல்ல. எழுதியவர்களுக்கு அந்த வீடு தெரிந்திருந்தது. காவல் நிலையம் அந்த அளவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பார்வையாளர்கள் எதைப் பற்றி வாதிட்டார்கள்

எடப்பாடி, ஜலகண்டாபுரம், குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று நீளும் விசைத்தறி ஊர்களில் இரவுத் தொடர் என்பது பல வீடுகளில் வேலையோடு சேர்ந்த பொழுதுபோக்கு. பெண்கள் தார் சுற்றியபடியே தொடர் பார்ப்பார்கள். பக்கத்தில் தறி ஓடினால் வசனம் பாதிதான் காதில் விழும். மீதியை முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். மறுநாள் அந்தக் கதையைப் பேசும்போது சந்தியாவின் பெயரில் தங்கள் வீட்டு விஷயமும் பேசப்படும். பிளஸ் டூ முடித்த மகளைக் கல்லூரிக்கு அனுப்புவதா, சீருடைப் பணியாளர் தேர்வு எழுத விடுவதா, வரன் பார்ப்பதா என்ற கேள்வி இருக்கும் வீட்டில் சிவகாமியின் வாதம் கதையோடு நின்றுவிடுவதில்லை.

சிவகாமியின் பக்கம் நின்றவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, பிறகு முப்பது ஆண்டு மாமியாருக்கு அடங்கி நடந்து, இப்போதுதான் வீட்டில் தன் சொல்லுக்கு மதிப்பு வந்திருக்கிறது என்று இருக்கும் ஒரு பெண்ணுக்கு, படித்த மருமகள் என்றால் அச்சம் வருவது இயல்பு. தொடர் இதைப் புரிந்துகொண்டிருந்தது. சிவகாமியாக நடித்த பிரவீணா அந்த அச்சத்தைக் கோபத்துக்குள் மறைத்துக் காட்டினார். அவர் வெறும் கொடுமைக்கார மாமியாராக நடித்திருந்தால் வாதமே எழுந்திருக்காது.

இன்னொரு சாராருக்குச் சரவணன்தான் தொடரின் நாயகன். மனைவியைப் படிக்க வைக்கும் கணவன் கிடைக்கக் கொடுத்து வைக்க வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. இந்தப் பாராட்டை ஏற்பதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். ஒரு பெண் தன் அறிவால் அடைவதை, கணவன் ‘அனுமதித்ததால்’ கிடைத்தது என்று தொடர் திரும்பத் திரும்பக் காட்டியது. வகுப்பில் முதலிடம் பெற்ற மாணவியை விட்டுவிட்டு, அவளைப் பள்ளிக்கு அனுப்பிய தந்தைக்குப் பரிசு கொடுப்பது போன்றது இது. சரவணன் நல்லவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் நல்லவனாக இல்லாவிட்டால் சந்தியா என்ன செய்திருப்பாள்? அந்தக் கேள்வியைத் தொடர் தொடவே அஞ்சியது. சரவணன் கிடைக்காத பெண்கள்தானே அதிகம்.

சீருடை வந்த பிறகு

ஐ.பி.எஸ். அதிகாரியாவதற்கு ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் மூன்று கட்டத் தேர்வைக் கடக்க வேண்டும். பிறகு முசௌரியில் அடிப்படைப் பயிற்சி, ஐதராபாத்தில் சர்தார் வல்லபாய் படேல் தேசியக் காவல் அகாதெமியில் பயிற்சி. பணியில் முதல் பதவி உதவிக் காவல் கண்காணிப்பாளர். உதவி ஆய்வாளர், காவலர் பணிகளுக்கான தேர்வு வேறு. அதை நடத்துவது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம். இந்த வேறுபாடு தெரியாமலே ‘போலீஸ் ஆக வேண்டும்’ என்று சொல்லும் மாணவிகள் இன்றும் உண்டு. இரண்டரை ஆண்டு ஓடிய ஒரு தொடர் அவர்களுக்கு இதைப் பாடம் நடத்தாமலே சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

பயிற்சிக்கூடப் பகுதியில் கற்றலைவிடச் சக பயிற்சியாளர்களின் போட்டியும் பொறாமையும் சதியும்தான் முன்னுக்கு வந்தன. சமையலறையில் ஓரகத்தி அர்ச்சனா செய்த வேலையை இங்கே வேறு சிலர் செய்தார்கள். இடையில் சந்தியாவாக நடித்தவரும் மாறினார். ஆல்யா மானசா 2022-இல் விலக, ரியா விஸ்வநாதன் வந்தார். கடைசிக் கட்டத்தில் ஆஷா கௌடா நடித்தார். பார்வையாளர்களின் பேச்சு ‘பழைய சந்தியாவா, புதிய சந்தியாவா’ என்று திரும்பிவிட்டது. காவல் பணியைப் பற்றிப் பேசச் சுவையாக எதுவும் இருந்திருந்தால் நடிகையர் மாற்றம் இவ்வளவு பெரிய பேச்சாகியிருக்காது.

எண்ணிக்கையும் கருத்தும்

தொடர்களின் போக்கைப் பார்வையாளர்தான் தீர்மானிக்கிறார்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது வழக்கம். அவர்கள் கையில் இருப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட மாதிரி வீடுகளில் பொருத்திய கருவி தரும் எண்ணிக்கை. பெட்டி எந்த அலைவரிசையில் இருந்தது என்பதை அந்தக் கருவி சொல்லும். பார்த்தவர் சிவகாமியைத் திட்டினாரா, சந்தியா சீருடையில் எப்போது வருவாள் என்று காத்திருந்தாரா என்பதைச் சொல்லாது. காத்திருக்கிறார்கள் என்றால் இன்னும் காக்க வைக்கலாம் என்ற முடிவுக்கே எண்ணிக்கை இட்டுச் செல்லும்.

கருத்து எண்ணிக்கையை வென்ற நிகழ்வும் தொலைக்காட்சி வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் 1982-இல் ‘கேக்னி அண்ட் லேசி’ என்ற தொடரைத் தொடங்கியது. நியூயார்க் நகரின் இரண்டு பெண் துப்பறிவாளர்களைப் பற்றிய கதை. அந்தப் பெண்கள் கடுமையாகத் தெரிகிறார்கள் என்று நிறுவனத்தார் கருதியதால், முதல் சில பகுதிகளுக்குப் பிறகு மெக் ஃபாஸ்டர் நீக்கப்பட்டு ஷரான் கிளெஸ் வந்தார். 1983-இல் தொடரையே நிறுத்தினார்கள். பார்வையாளர்கள், குறிப்பாகப் பெண்கள், கடிதங்களை எழுதிக் குவித்தார்கள். 1984-இல் தொடர் மீண்டும் வந்து 1988 வரை ஓடியது.

இந்தியாவில் தூர்தர்ஷன் 1989-இல் ஒளிபரப்பத் தொடங்கிய ‘உடான்’ இன்னும் நெருக்கமான சான்று. எழுதி, இயக்கி, நடித்தவர் கவிதா சௌத்ரி. சர்ப் விளம்பரத்தின் லலிதாஜி என்றால் அந்தத் தலைமுறைக்கு உடனே தெரியும். பின்னாளில் உத்தராகண்டில் 2004-இல் நாட்டின் முதல் பெண் டி.ஜி.பி. ஆன காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யா அவருடைய அக்கா. அக்காவின் வாழ்க்கையே கதைக்கு அடிப்படை. உடானில் வரும் கல்யாணி மாமியாரிடம் அனுமதி கேட்பதில்லை; தன் வீட்டுக்கு நேர்ந்த அநீதியைப் பார்த்து அதிகாரியாகிறாள். அதைப் பார்த்துத் தேர்வு எழுதியதாகச் சொன்ன பெண் அதிகாரிகள் உண்டு. ராஜா ராணி 2-ஐப் போல் அது இழுக்கவும் இல்லை.

அண்மைத் தமிழில் ஒப்பிடத் தக்கது, புஷ்கர்–காயத்ரி எழுதி 2022-இல் இணையத்தில் வெளிவந்த ‘சுழல்’. ஸ்ரேயா ரெட்டி நடித்த ரெஜினா ஓர் ஆய்வாளர். அவர் விசாரிக்கும் வழக்கு அவருடைய மகனையே வந்து தொடுகிறது. வீடும் காவல் நிலையமும் ஒரே கதைக்குள் எப்படி மோதும் என்பதை எட்டே பகுதிகளில் அது காட்டிவிட்டது. ஆனால் தார் சுற்றும் வீட்டில் ரெஜினாவைவிடச் சந்தியாவைத்தான் தெரியும். அதனாலேயே சந்தியாவை எழுதியவர்களின் பொறுப்பு கூடுகிறது.

இந்தப் பகுதிக்கு மட்டும் உள்ள ஒன்று

எடப்பாடியிலிருந்து சங்ககிரியைத் தாண்டினால் திருச்செங்கோடு. அங்கே துணைக் கண்காணிப்பாளராக இருந்த விஷ்ணுப்ரியா, கோகுல்ராஜ் கொலை வழக்கின் விசாரணையில் ஈடுபட்டிருந்தபோது, 2015 செப்டம்பர் 18 அன்று தம் குடியிருப்பில் இறந்து கிடந்தார். வயது 27. அவருக்கு இருந்த பணி அழுத்தம் குறித்துத் தமிழகம் முழுவதும் பேசப்பட்டது. அவர் இறப்பு குறித்த விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிலிருந்து சி.பி.ஐ.க்குச் சென்றது. கோகுல்ராஜ் வழக்கில் தீர்ப்பு வந்தது 2022 மார்ச்சில்; அந்த நாள்களில் ராஜா ராணி 2 ஓடிக்கொண்டிருந்தது.

இப்பகுதித் தாய் ஒருத்தி மகளைக் காவல் பணிக்கு அனுப்பத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குள் சிவகாமி மட்டும் இல்லை. சீருடை அணிந்தபின் மேலிருந்தும் வெளியிலிருந்தும் என்ன வரும் என்ற அச்சமும் இருக்கிறது. ராஜா ராணி 2-இல் சந்தியாவின் எதிரிகள் வீட்டில் இருந்தார்கள், அல்லது வெடிகுண்டு வைக்கும் வில்லன்களாக இருந்தார்கள். உடன் பணி செய்பவர், மேலதிகாரி, ஊர்ப் பெரிய மனிதர் என்ற வரிசைக்குத் தொடர் வரவில்லை. பார்வையாளர் கருத்துகளில் ‘நிஜத்தில் இப்படியா இருக்கும்’ என்று அடிக்கடி எழும் கேள்வியைச் சீருடையின் மடிப்பைப் பற்றியோ முகப்பூச்சைப் பற்றியோ மட்டும் கேட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெண் காவலர் வாழ்வில் கதைக்குப் பஞ்சமும் இல்லை. தமிழ்நாட்டில் பெண்கள் காவல் பணிக்கு வந்தது 1973-இல். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. தருமபுரி மாவட்டத்தில் பிறந்த திலகவதி 1976-இல் ஐ.பி.எஸ். ஆனார், எழுத்தாளராகச் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். பெண் காவலர்களின் பொன்விழா 2023 மார்ச்சில் சென்னையில் கொண்டாடப்பட்டது. ராஜா ராணி 2-இன் கடைசிப் பகுதி ஒளிபரப்பானதும் அதே மாதத்தில்தான். பொன்விழாவில் முதலமைச்சர் வெளியிட்ட அறிவிப்புகளில் ஒன்று, பெண் காவலர்களின் காலை அணிவகுப்பு நேரம் 7 மணியிலிருந்து 8 மணிக்கு மாற்றப்படும் என்பது. வீட்டு வேலையை முடித்துவிட்டு அந்த ஏழு மணிக்குப் போய் நின்ற பெண்ணின் காலைப் பொழுது, சமையலறையை அவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்த இந்தத் தொடரில் ஒரு பகுதியாகக்கூட வரவில்லை.