திரையில் கண்ட குடும்பமும் திரை காணாத குடும்பமும்

பாசம் எது, தியாகம் எது, நல்ல மருமகள் யார் என்றெல்லாம் ஒரு தலைமுறைக்கே வகுத்துச் சொன்னவை பழைய தமிழ்க் குடும்பப் படங்கள். கண்டி மஹய்யாவ மக்களும் அவற்றைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள்தாம். அந்தப் படங்களை மூன்று மரபுகளாகப் பிரிக்கலாம். நம் இலங்கைப் படங்கள் நான்காவது.

முதலாவது, ஏ. பீம்சிங்கின் கூட்டுக்குடும்ப மரபு. 'பாகப்பிரிவினை' (1959) வீடு இரண்டாவதன் வலியைச் சொன்னது. 'பாசமலர்' (1961) அண்ணன் தங்கை உறவைத் தெய்வமாக்கியது. 'படிக்காத மேதை'யின் (1960) ரங்கன் தன்னை வளர்த்த வீட்டுக்காகவே உழைத்துத் தேய்கிறான். ஏழையின் பெருமை அவனுடைய விசுவாசத்தில்தான் இருக்கிறது என்பது இந்த மரபின் அளவுகோல்.

இரண்டாவது, ஸ்ரீதர் வழிவந்த தியாக மரபு. 'கல்யாண பரிசு' (1959) படத்தில் தங்கை தன் காதலை அக்காவுக்காக விட்டுக்கொடுக்கிறாள். குடும்ப மானத்தின் விலையைப் பெண்ணிடம் வாங்குவது நம்மவர் வழக்கம் மட்டுமல்ல. கிரேக்கத்தில் காக்கோயானிஸ் இயக்கிய 'ஸ்டெல்லா'வில் (1955), கலியாணத்துக்கு இணங்காத நாயகி அவளை விரும்பியவன் கையாலேயே சாகிறாள். நம் படங்கள் விட்டுக்கொடுத்தவளைப் போற்றின. அந்தப் படம் மறுத்தவளின் முடிவைக் காட்டியது.

மூன்றாவது, கேள்வி கேட்ட மரபு. கே. பாலசந்தரின் 'அரங்கேற்றம்' (1973), 'அவள் ஒரு தொடர்கதை' (1974) இரண்டும் மகளின் சம்பாத்தியத்தில் வாழும் குடும்பத்தைக் கூண்டில் நிறுத்தின. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) கணவனின் கொடுமையை ஆரவாரமின்றிக் காட்டியது.

நான்காவது நம்முடையது. 'தோட்டக்காரி' (1963) தேயிலைத் தோட்டத்தைக் களமாக்கியது. வி. எஸ். துரைராஜாவின் தயாரிப்பான 'குத்துவிளக்கு' (1972) யாழ்ப்பாணத்து விவசாயக் குடும்பத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசனின் 'புதிய காற்று' (1975) தோட்டத் தொழிலாளரைப் பேசியது. காவலூர் இராஜதுரை எழுத, தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' (1977) சீதனத்தையும் சாதியையும் நேருக்கு நேர் பேசத் துணிந்தது. தொழில்நுட்பத்தில் இவை சென்னைப் படங்களுக்கு ஈடாகா. ஆனால் குடும்பம் என்பது சாதிக்கும் கூலிக்கும் நடுவில்தான் வாழ்கிறது என்ற உண்மையை இவை மறைக்கவில்லை. என் கணிப்பில், குடும்பப் படத்தை எடைபோடச் சரியான அளவுகோல் அதுதான்.

அந்த அளவுகோலில் ஒரு குறை பாக்கி நிற்கிறது. கண்டி நகரைத் துப்புரவாக வைத்திருக்கும் மஹய்யாவக் குடும்பங்களுக்கும் பாசம் உண்டு, மானம் உண்டு, பாகப்பிரிவினையும் உண்டு. தாயும் தந்தையும் விடியுமுன் வேலைக்குப் போக, மூத்த பிள்ளை இளையதுகளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டை இந்த நான்கு மரபுகளும் நடுவில் வைத்துக் கதை சொல்லவில்லை.

எடுத்த படங்களிலும் பலவற்றை இழந்துவிட்டோம். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்கள் பல அழிந்தன. ஆகவே இதை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். பழைய பாட்டுப் புத்தகமோ விளம்பரத் துண்டோ வீட்டில் இருந்தால் நூலகத்துக்குக் கொடுங்கள். படம் பார்த்த பெரியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யுங்கள். மஹய்யாவப் பிள்ளைகளே, கையடக்கத் தொலைபேசியிலாவது உங்கள் வீட்டுக் கதையை நீங்களே படமெடுங்கள். ஐந்தாவது மரபு உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.