ஜீப்ரா மீன் காட்டும் நரம்புக்குழல்: சான்றும் அதன் எல்லையும்

மனிதக் கருவில் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழல் நான்காவது வாரத்துக்குள் மூடிவிடுகிறது. தாய் கருவுற்றதை அறியும் முன்பே முடிந்துவிடக்கூடிய இந்த வேலையை நேரில் பார்க்க வழியில்லை. ஜீப்ரா மீனின் கருவோ தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. முதல் நாளுக்குள்ளேயே நரம்புக்குழல் உருவாகிவிடும். நரம்புக்குழலின் மரபணுக் கட்டுப்பாட்டை ஆராய்வோர் இதை நாடுவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஜீப்ரா மீனைக் கொண்டு ஆராயும் முறையின் உண்மையான பலம் 1996 டிசம்பரில் வெளிப்பட்டது. ஜெர்மனியின் டூபிங்கனிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் நடந்த பெரும் மரபணுத் தேடல்களின் முடிவுகளை ‘டெவலப்மென்ட்’ இதழ் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. முதுகெலும்பிகளில் முதலில் ஒரு மரபணுவைச் சந்தேகித்துப் பிறகு சோதிப்பதே பெரிதும் வழக்கமாக இருந்த காலம் அது. இந்தத் தேடல்களை நடத்தியவர்களோ வேதிப்பொருளால் கண்டபடி திடீர்மாற்றங்களை உண்டாக்கி, கோளாறுள்ள கருக்களைப் பொறுக்கியெடுத்தார்கள். பொறுப்பான மரபணுக்கள் பின்னர் தேடப்பட்டன. முன்முடிவு இல்லாததால், யாரும் எதிர்பாராத மரபணுக்களும் அகப்பட்டன.

ஆனால் மீனின் குழல் நம்முடைய குழலைப் போலவே உருவாவதில்லை. பாலூட்டிகளில், குழலாக மாறவேண்டிய தட்டையான செல்படலமான நரம்புத்தட்டின் இரு விளிம்புகளும் பாய் சுருட்டுவதுபோல் உயர்ந்து வளைந்து ஒட்டிக்கொள்கின்றன. மீனின் தண்டுவடப் பகுதியில் செல்கள் முதலில் திடமான தண்டாகத் திரள்கின்றன. நடுவில் துளை பிறகே திறக்கிறது. வாங்கிள்2 என்ற மரபணு பழுதான எலிக்கருவில் குழல் மூடாமலே திறந்து கிடக்கும். அதே மரபணு பழுதான மீனிலோ, நடுக்கோட்டில் பிரிந்த சேய்ச்செல்கள் பக்கச்சுவர்களில் மீண்டும் இடம்பிடிக்க முடியாமல் குவிந்துவிடுவதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. செல்களுக்குத் திசை சொல்லும் மரபணு இரண்டிலும் ஒன்றே. அது தவறினால் நேரும் சேதம்தான் வேறு. ஆகவே, குழல் ஏன் மூடவில்லை என்ற கேள்விக்கு மீனிடம் நேரடி விடை எதிர்பார்ப்பது பிழை.

இரட்டித்த மரபணுக்களும் குழப்பம் தருகின்றன. ஜீப்ரா மீன் அடங்கிய மீன் பிரிவின் மூதாதையில் மரபணுத்தொகுதி முழுதும் ஒருமுறை இரட்டித்தது. சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு இல்லாத எலிக்கரு ஒற்றைக் கண்ணோடு உருவாகிறது. மீனில் அந்த மரபணுவின் ஒரு படி பழுதானாலும் இன்னொரு படி ஓரளவு ஈடுசெய்வதால் இரண்டு கண்களும் தப்புகின்றன. இதைக் கொண்டு அந்த மரபணு முக்கியமற்றது என்று எழுதினால் என்ன ஆகும்?

மிகப்பெரிய குறை குறுக்குவழியிலிருந்து வந்தது. 2000இல் ஜீப்ரா மீன் ஆய்வில் அறிமுகமான மார்ஃபோலினோ என்ற செயற்கை மூலக்கூறு, குறிப்பிட்ட மரபணுவின் செய்தி புரதமாவதைத் தடுக்கும். ஒரு செல் நிலையில் ஊசியால் செலுத்தினால் மறுநாளே விளைவு தெரியும் என்பதால் கட்டுரைகள் குவிந்தன. ஆனால் மார்ஃபோலினோக்களில் பல, இலக்கு தவறி பி53 புரதத்தைத் தூண்டிச் செல்களைக் கொல்வது 2007இல் தெரியவந்தது. அப்படி மடிந்தவற்றில் நரம்புச் செல்களே அதிகம். அதாவது, ஆராய வேண்டிய திசுவிலேயே பொய்ச்சான்று விழுந்தது. 2015இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், மார்ஃபோலினோ காட்டிய கோளாறுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு திடீர்மாற்றம் பெற்ற மீன்களில் காணப்படவில்லை.

அதற்காக அத்தனையும் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. மரபணு நிரந்தரமாகப் பழுதானால் உறவுள்ள மரபணுக்கள் கூடுதலாக இயங்கி ஈடுசெய்வதுண்டு என்று அதே 2015இல் இன்னோர் ஆய்வு காட்டியது. கோளாறே தெரியாத மீனும் ஏமாற்றலாம் என்பதே இதன் பொருள்.

செல்கள் எந்தக் கட்டளையால் திசையும் அடையாளமும் பெறுகின்றன என்ற கேள்விக்கு ஜீப்ரா மீன் முதல்தரச் சான்று. குழல் மூடும் இயக்கத்துக்கு அது துணைச்சான்று மட்டுமே. திடீர்மாற்றம் பெற்ற மீன், நலமான மரபணுவைத் திருப்பிக் கொடுத்துக் கோளாறு நீங்குவதைக் காட்டும் மீட்புச் சோதனை, எலிக்கருவோடு ஒப்பீடு ஆகிய மூன்றும் இல்லாமல் மனித நோய் பற்றி முடிவு சொல்லும் ஆய்வை ஏற்க வேண்டியதில்லை.